சுற்றாத பேரிங்: பஸ், லாரி டிஸ்க் பிரேக் கேலிப்பருக்குள் என்ன இருக்கிறது

பேரிங் என்றாலே நம் மனசுக்கு வருவது சுற்றுகிற பொருள்தான். ஃபேன், மோட்டார், கிரைண்டர், சக்கரம். அதனால்தான் பட்டறைக்குப் புதிதாக வந்த பையனிடம் "கேலிப்பர் பேரிங் போயிருக்குடா" என்று சொன்னால் அவன் நேராக வீல் ஹப்பைத் தடவிப் பார்க்கிறான். அவன்மேல் தப்பில்லை. சக்கரம் சுற்றும், டிஸ்க் சுற்றும், அந்த டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேட் என்ற உராய்வுக் கட்டையால் கவ்விப் பிடிக்கிற கேலிப்பர் ஆக்சிலோடு போல்ட் போட்டு இறுக்கிய இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், அதற்கு எதற்கு பேரிங்? நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதையேதான் கேட்டேன், மேஸ்திரி பதில் சொல்லவில்லை, அறுத்துப்போட்ட ஒரு பழைய கேலிப்பரை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நம்மூர் லாரிகளில் இன்னும் பெரும்பாலும் டிரம் பிரேக்தான், லைனர், ஸ்லாக் அட்ஜஸ்டர் என்று பழகிய உலகம். டிஸ்க் பிரேக்கை அதிகம் பார்ப்பது மல்டி ஆக்சில் ஆம்னி பஸ்களிலும் புதிய சொகுசு பஸ்களிலும்தான். ஐரோப்பாவில் 1996-லேயே மெர்சிடிஸ் ஆக்ட்ரோஸ் லாரி எல்லாச் சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்கோடு வந்துவிட்டது. வளைகுடாவில், சிங்கப்பூரில் பட்டறை வேலைக்குப் போகிற நம்ம ஆட்கள் போன முதல் வாரத்திலேயே இதைத்தான் கையில் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் அடிப்படையிலிருந்தே சொல்கிறேன்.

காரில் பிரேக் ஆயில் ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பேடைத் தள்ளும், அவ்வளவுதான். பஸ்ஸில் அழுத்தம் கொடுப்பது காற்று. பஸ் பிரேக்கில் காற்றை அந்த ஆயில் அளவுக்கு அழுத்துவதில்லை, டேங்கில் இருப்பதே சுமார் 8 அல்லது 10 பார். அந்தக் காற்று நேராகப் பேடைத் தள்ளினால் 16 டன் பஸ் நிற்கவே நிற்காது. அதனால் நடுவில் ஒரு நெம்புகோல் வேண்டும். கேலிப்பரின் முதுகில் குடம் மாதிரி தொங்குகிறதே பிரேக் சேம்பர், அதற்குள் ஒரு ரப்பர் டயாப்ரம் இருக்கிறது. 24 டைப் சேம்பர் என்று சொன்னால் காற்று தள்ளுகிற பரப்பு 24 சதுர அங்குலம், அதாவது சுமார் 155 சதுர சென்டிமீட்டர் என்று அர்த்தம். 6 பார் காற்று உள்ளே போனால் கிட்டத்தட்ட 950 கிலோ தள்ளு கிடைக்கும். சேம்பரின் கம்பி கேலிப்பருக்குள் இருக்கிற லீவரின் ஒரு நுனியில் உள்ள குழியில் வந்து குத்தும். லீவரின் மறுநுனி தடிமனான தலை, அதன் வளைவு கொஞ்சம் மையம் தப்பி இருக்கும், அம்மிக் குழவியை உருட்டும்போது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு வருமே அது மாதிரி. நீளமான கை சில சென்டிமீட்டர் நகர்ந்தால் தலை சில மில்லிமீட்டர்தான் முன்னால் வரும், ஆனால் பலம் சுமார் 15 மடங்காகிவிடும். கணக்குப் போடுங்கள்: 950 கிலோவை 15-ஆல் பெருக்கினால் 14 டன்னுக்கு மேல். உராய்வில் கொஞ்சம் போகட்டும், மிச்சம் அத்தனையும் டிஸ்க்கைப் பேடு கவ்வுகிற பலம்.

இப்போது பேரிங்குக்கு வருவோம். அந்த 14 டன் பலத்தை முன்னால் தள்ள வேண்டுமென்றால் லீவர் பின்னால் எதிலாவது முதுகை ஊன்ற வேண்டுமல்லவா? கேலிப்பரின் இரும்புச் சுவரில்தான் ஊன்றுகிறது. இரும்பும் இரும்பும் நேராக உரசினால் ஒரே சீசனில் அரைத்துக்கொள்ளும், பலத்தில் ஒரு பங்கை உராய்வும் தின்றுவிடும். அதனால் இரண்டுக்கும் நடுவில் அரை வட்ட வடிவில், தேங்காய் மூடியைக் குறுக்கே வெட்டிய மாதிரி, இரண்டு நீடில் ரோலர் பேரிங்குகளை வைக்கிறார்கள். பென்சில் லெட் மாதிரி மெல்லிய உருளைகள் ஒரு கூட்டில் வரிசையாக அடுக்கியிருக்கும். முழு வட்டம் தேவையில்லை, ஏனென்றால் லீவர் சுற்றுவதில்லை, சும்மா முன்னும் பின்னும் ஆடுகிறது. பெடலை மிதித்தால் கொஞ்சம் ஆடும், விட்டால் திரும்பி வரும்.

பையன்களுக்கு நான் முதலில் மண்டையில் ஏற்றுவது இந்த ஆட்டத்தைத்தான். வீல் பேரிங் சுற்றிச் சுற்றிக் கிரீஸைத் தானே தன் மேல் பூசிக்கொள்ளும். கேலிப்பர் பேரிங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரே உருளை, ஒரே இடம், அதே சில மில்லிமீட்டருக்குள் லட்சம் முறை ஆடும், ஒவ்வொரு ஆட்டத்திலும் டன் கணக்கில் சுமை. அந்த இடத்திலிருந்து கிரீஸ் ஒருமுறை பிதுங்கி வெளியே போய்விட்டால் திரும்பி வர வழியில்லை. அப்புறம் உருளைகள் தாம் உட்கார்ந்த இடத்தில் கோடு கோடாகப் பள்ளம் போடும், தோசைக்கல் கறை மாதிரி கைக்கே தட்டுப்படும். ஹேண்ட் பிரேக் போட்டு எஞ்சினை ஓடவிட்டு மணிக்கணக்கில் ஏசிக்காக நிற்கிற பஸ்ஸில் ஸ்பிரிங் பிரேக் (ஹேண்ட் பிரேக் போட்டால் காற்றுக்குப் பதிலாக அமுக்குகிற ஸ்பிரிங்) முழுப் பலத்தோடு அந்த உருளைகளை அமுக்கிக்கொண்டே இருக்க, எஞ்சின் அதிர்வும் சேர்ந்து குத்தும். ஆக, கிலோமீட்டர் ஓடித் தேய்கிற பொருள் இல்லை இது. தண்ணீராலும் காய்ந்துபோன கிரீஸாலும் சாகிற பொருள்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கேட்லாக்கில் பேரிங் என்று போட்டிருப்பது எல்லாமே இந்த ரோலர் இல்லை. ஆக்சிலோடு இறுக்கியிருப்பது உண்மையில் கேலிப்பரைத் தாங்குகிற சட்டத்தைத்தான், கேலிப்பர் இரண்டு இரும்புப் பின்களின் மேல் பக்கவாட்டில் வழுக்கி நகரும், அந்தப் பின்களுக்குப் போடுகிற குழாய் மாதிரியான புஷ்ஷையும் சிலர் பேரிங் என்றே எழுதுகிறார்கள். லீவர் தலைக்கும் அது தள்ளுகிற பிரிட்ஜ் என்ற குறுக்குக் கட்டைக்கும் நடுவில் சில தயாரிப்புகளில் உருளையே இல்லாத வழவழப்பான அரைவட்டத் தகடு இருக்கும், அதுவும் பேரிங்தான். கடையில் போய் "கேலிப்பர் பேரிங் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் எது கையில் வரும் என்று சொல்ல முடியாது. கேலிப்பரில் அடித்திருக்கிற பார்ட் நம்பரை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

பின் புஷ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டறைக்கு வருகிற பத்து வண்டியில் பெரும்பாலானவற்றுக்குச் சிக்கல் இங்கேதான். சேம்பர் தள்ளுவது உள்பக்கப் பேடை மட்டும். அது டிஸ்க்கில் முட்டியதும் இனி நகர இடமில்லை, அதனால் எதிர்விசையில் கேலிப்பரே பின்னால் வழுக்கி வந்து வெளிப்பக்கப் பேடை இழுத்து அமுக்கும். ஒரு கையால் கிள்ளுகிற மாதிரி. இந்த வழுக்கலுக்குத்தான் ஒரு நீளப் பின், ஒரு குட்டைப் பின். நீளப் பின் கேலிப்பரை நேராகப் பிடித்து வழிநடத்தும், அதன் புஷ் கச்சிதமாக இருக்கும். குட்டைப் பின் கொஞ்சம் தளர்வாக விட்டிருப்பார்கள், சூட்டில் இரும்பு விரியும்போது இரண்டு பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளாமல் இருக்க.

என் கைக்கு வந்த ஒரு பஸ்ஸைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து தொப்பூர் கணவாய் வழியாகத் தினமும் ஓடுகிற வண்டி. பின்பக்க ஆக்சிலில் வலது பக்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட் காலி. வேறொரு இடத்தில் இரண்டு முறை பேட் மாற்றி, "சரக்கு மட்டம் சார், ஒரிஜினல் போடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரிஜினல் போட்டும் அதே கதை. டிரைவர் அண்ணன் என்னிடம் சொன்னது ஒரே வரி: "தம்பி, டோல்கேட்ல நின்னா அந்தச் சக்கரத்துல மட்டும் கருகல் வாடை வருது." சக்கரத்தைக் கழற்றிப் பழைய பேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உள் பேட் இரும்புத் தகடு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, வெளிப் பேட் பாதிக்கு மேல் மிச்சம். பேடைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. பேடை எடுத்துவிட்டு கேலிப்பரைக் கையால் தள்ளினேன், நகரவில்லை. முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினேன், முனகிக்கொண்டு ஒரு விரல் அளவு போய் நின்றது. நீளப் பின்னை மூடியிருக்கிற ரப்பர் உறையில், அதாவது பூட்டில், மிளகாய் விதை அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் வழியாகப் போன தண்ணீர் உள்ளே துருவாகிப் பின்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பின், புஷ், பூட் மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. இதற்குள் அந்த ஓனர் மூன்று செட் பேடுக்குக் காசு கொடுத்திருந்தார்.

கழற்றின பேடைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பாருங்கள், பாதி விஷயத்தை அதுவே சொல்லிவிடும். உள் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் பின் பிடித்திருக்கிறது. பேட் ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் மெல்லிசாகவும், வெட்டிய தர்ப்பூசணித் துண்டு மாதிரி சாய்வாகத் தேய்ந்திருந்தால் புஷ் தேய்ந்து கேலிப்பர் தலை தொங்குகிறது. இரண்டு பேடும் ஒரே அளவில் வேகமாகத் தேய்கிறது, சக்கரமும் சூடாகிறது, ஆனால் கேலிப்பர் கையால் தள்ளினால் சுலபமாக வழுக்குகிறது என்றால், அப்போதுதான் உள்ளே இருக்கிற லீவர், ரோலர் பேரிங், பேட் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்கிற அட்ஜஸ்டர் மேல் சந்தேகப்பட வேண்டும். பெடலை விட்ட பிறகு லீவர் முழுசாகத் திரும்பி வரவில்லை, பேட் டிஸ்க்கை லேசாகத் தடவிக்கொண்டே ஓடுகிறது.

சோதனை பண்ணுகிற விதம் ரொம்பச் சாதாரணம். வண்டி சமதளத்தில் நிற்கட்டும், சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், வைத்த பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை எடுக்க வேண்டும், ஏனென்றால் ஸ்பிரிங் பிரேக் பிடித்திருக்கும்போது கேலிப்பர் நகராது. பேடுகளை எடுத்துவிட்டு, கம்பி போட்டு நெம்பாமல், வெறும் கையாலேயே தள்ளி இழுங்கள். ஜெர்மன் பிரேக் கம்பெனியான க்னோர் பிரெம்ஸே தன் கேலிப்பர்களுக்குச் சொல்கிற அளவு, 25 மில்லிமீட்டருக்கு மேல் தடையில்லாமல் வழுக்க வேண்டும். பேட் போட்ட நிலையில் கேலிப்பரை ஒரு பக்கம் ஒதுக்கி, உள் பேடுக்கும் அதைத் தள்ளுகிற டப்பெட்டுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டால் 0.6 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கலாம். குறைந்தால் தடவிச் சூடாகும், கூடினால் பிரேக் தாமதமாகப் பிடிக்கும், ரொம்பக் கூடினால் பிடிக்காமலே போகலாம். அதே தயாரிப்பின் 22.5 அங்குல வீல் கேலிப்பருக்கு டிஸ்க் புதிதில் 45 மில்லிமீட்டர், 37 வந்தால் மாற்ற வேண்டும்; பேட் தகட்டோடு சேர்த்து 30, அது 11 ஆனால் முடிந்தது. வேறு கம்பெனி, வேறு சைஸ் என்றால் அளவும் வேறு, அந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்ஜஸ்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. புதுப் பேட் போட டப்பெட்டைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், அதற்கு ஒரு சின்ன மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற தலையைத் திருப்புவோம், டக் டக் என்று சத்தம் வரும். அந்தத் தலைமேல் ஒரு சின்ன அடாப்டர் மாட்டியிருப்பார்கள், பலம் அதிகமானால் அது ஒடிந்துவிடும். மட்டமான பொருள் என்று நினைத்து நம்ம ஆள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக ஸ்பேனர் போடுவான். அது ஒடிவதற்கென்றே செய்த அடாப்டர்ப்பா! ஃபியூஸ் மாதிரி. புதிதாக ஒன்று போட்டு மறுபடி திருப்பிப் பாருங்கள், அதுவும் ஒடிந்தால் உள்ளே எதுவோ இறுகிவிட்டது, அந்தக் கேலிப்பர் மாற்ற வேண்டியது. ஏர் கன் வைத்து அதைத் திருப்புகிறவனைப் பார்த்தால் கன்னை வாங்கி வைத்துவிடுங்கள்.

ரோலர் பேரிங்கைக் கழற்றாமல் பார்க்க ஒரே ஜன்னல்தான் உண்டு, சேம்பர் உட்காருகிற ஓட்டை. சேம்பரைக் கழற்றினால் லீவரின் குழி தெரியும். அங்கே கிரீஸ் தன் நிறத்தில் ஈரமாக இருந்தால் நிம்மதி. செங்கல் கரைத்த மாதிரி சிவந்த தண்ணீரோ, உதிர்கிற காய்ந்த மண்ணோ இருந்தால் பேரிங்கும் அதே தண்ணீரில்தான் குளித்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்ப்பதற்கே இரண்டு நிமிஷம்தான், ஆனால் சேம்பர் டயாப்ரம் மாற்றும்போதுகூடப் பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மூன்று வழி. பேடைத் தள்ளுகிற டப்பெட்டைச் சுற்றி இருக்கிற ரப்பர் பூட், சேம்பருக்கும் கேலிப்பருக்கும் நடுவில் இருக்கிற சீல், அட்ஜஸ்டர் மூடி. மூடி காணாமல் போனால் அஞ்சு ரூபாய்ப் பொருள் என்று துணியைச் சுருட்டி அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஸ்க் பிரேக் சேம்பரின் முகத்தில் சீல் இருக்க வேண்டும், டிரம் பிரேக் சேம்பரை எப்படியோ பொருத்தி மாட்டினால் அன்றைக்கு ஓடும், அடுத்த மழையில் உள்ளே குளம். சேம்பரில் வடிகால் ஓட்டைகள் பல இருக்கும், மாட்டின பிறகு தரையைப் பார்க்கிற ஓட்டையை மட்டும் திறந்துவிட்டு மற்றதை அடைத்தே வைக்க வேண்டும். வாட்டர் வாஷில் ஹை பிரஷர் கன்னைக் கேலிப்பருக்குள் நீட்டிப் பளபளப்பாக்குகிறவர்களிடம் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். டீசலில் கழுவவே கூடாது, ரப்பர் உப்பிப்போய்விடும்.

கிரீஸ் விஷயத்திலும் கை நீளும் டப்பாவை எடுத்துப் பூசுகிற பழக்கம் இங்கே ஆகாது. சாதா சேசிஸ் கிரீஸ் சூட்டில் உருகி வடியும், பூட்டையும் கெடுக்கும். ரிப்பேர் கிட்டோடு பாக்கெட்டில் வருகிற கிரீஸ்தான் போட வேண்டும். லீவர் குழிக்கு மாலிப்டினம் கலந்த கறுப்புக் கிரீஸ் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் தனியாகவே எழுதியிருக்கிறார்கள்.

மாற்றும் வேலையில் பின் புஷ்ஷும் பூட்டும் ஓரளவு அனுபவமுள்ள பட்டறையில் தாராளமாகச் செய்யலாம். பழைய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து எடுக்காமல் அதற்கான இழுப்பானைப் போடுங்கள், அடித்தால் துளையில் கீறல் விழும், புதுப் புஷ் நேராக உட்காராது. பித்தளைப் புஷ் என்றால் அழுத்தி உட்கார வைத்த பிறகு அது இடம் மாறாமல் இருக்க ஓரத்தில் ஒரு பள்ளம் அழுத்திவிட வேண்டும், அதற்கும் தனி டூல் உண்டு. துளைக்குள் துருவைத் துடைத்து, கையுறை போட்ட கையாலேயே கிரீஸைப் புஷ்ஷின் உள்பள்ளங்களில் நிரப்பி, புதுப் பின், புதுப் போல்ட். பழைய போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது, அது ஒருமுறை இறுக்குவதற்கென்றே வந்தது. இறுக்குவது டார்க் ரெஞ்சில், கை அளவில் இல்லை.

ரோலர் பேரிங் வேறு ரகம். க்னோர் பிரெம்ஸே மாதிரி தயாரிப்பாளர்கள் கேலிப்பரின் இரண்டு பாதியை இணைக்கிற போல்ட்டைத் தொடவே வேண்டாம், கேலிப்பரை முழுசாக மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். டப்பெட் பூட் கிழிந்து உள்ளே மரைகளில் துரு ஏறியிருந்தாலும் அதே பதில்தான். ஆனால் முழுக் கேலிப்பரின் விலையைக் கேட்டால் ஓனருக்கு நெஞ்சு வலி வரும், சந்தையிலோ துருக்கித் தயாரிப்பு ரிப்பேர் கிட்கள் நிறையக் கிடைக்கின்றன, அதனால் பிரித்துச் செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். இல்லை என்று நான் நடிக்கப் போவதில்லை. என் கருத்து இதுதான்: இதற்கென்று மேஜை, டூல், சோதனை மெஷின் வைத்துக் கேலிப்பர் ரீகண்டிஷன் மட்டுமே செய்கிற இடம் என்றால் கொடுங்கள், வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பிரிக்கிற வேலை இது இல்லை. புதுசாகத் தொழில் கற்கிறவர் கண்டிப்பாகத் தனியாகத் தொடக்கூடாது.

ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறேன் என்றால், பேரிங்கை மட்டும் எடுத்துப் புதுசு வைத்தால் வேலை முடிவதில்லை. பழைய உருளைகள் பள்ளம் போட்ட அதே லீவர் தலையிலும் அதே சுவரிலும்தான் புது உருளை உட்காரப் போகிறது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் லீவரும் போயிற்று, கேலிப்பர் உடம்பில் பள்ளம் என்றால் கிட் வாங்கின காசு வீண். அடுத்தது, இரண்டு டப்பெட் இருக்கிற வகையில் அவற்றை இணைக்க உள்ளே ஒரு சின்னச் செயின் அல்லது பல்சக்கரம் ஓடும், இரண்டும் ஒரே அளவில் முன்னேற வேண்டும் என்பதற்காக. கழற்றும்போது அடையாளம் போடாமல் எடுத்துவிட்டு மாட்டும்போது ஒரு பல் தப்பினால், ஒரு டப்பெட் முன்னால் நிற்கும், மற்றது பின்னால். பேட் கோணலாக அமுங்கும், பதினாலு டன்னும் ஒரு பக்கம் இறங்கும். அந்த அரைவட்டப் பேரிங்கும் கூட்டிலிருந்து கொஞ்சம் சறுக்கி உட்கார்ந்திருந்தாலும் வெளியே எதுவும் தெரியாது, பஸ் ஓடும், பிரேக்கும் பிடிக்கும், கணவாய் இறக்கத்தில்தான் தெரியும்.

வேலை முடிந்ததும் பெடலை ஏழெட்டு முறை லேசாக மிதித்து அட்ஜஸ்டரைத் தானாக இடைவெளி எடுக்க விடுங்கள். ஹேண்ட் பிரேக்கும் மிதி பிரேக்கும் விட்ட நிலையில் சக்கரம் கையால் சுற்ற வேண்டும். ரோலர் பிரேக் டெஸ்டர் பக்கத்தில் இருந்தால் ஏற்றிப் பாருங்கள், ஒரே ஆக்சிலின் இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டெம்பரேச்சர் கன்னை இரண்டு பக்க டிஸ்க்கிலும் காட்டுங்கள். நான் சொன்ன அந்தத் தொப்பூர் பஸ்ஸில் முதல் ட்ரிப் முடிந்து வந்ததும் இரவு பதினொன்றுக்கு டிரைவர் அண்ணனே போன் பண்ணி, கன் எல்லாம் அவரிடம் ஏது, சக்கரத்துக்குப் பக்கத்தில் புறங்கையைக் காட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே சூடுதான் தம்பி, வாடையும் இல்ல" என்றார்.